ஊர்க்குருவிக்கு ஒரு பொந்து

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

“ஊர்க்குருவி உயர உயரப் பறந்தாலும் பருந்தாகுமா?” என்று கேட்கிறது பழமொழி. குருவியின் சார்பில் ஒரு பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். பருந்தாக வேண்டும் என்று குருவி எப்போது கேட்டது? மனிதன் கட்டிய வீட்டில் ஒரு கைப்பிடி இடம், மனிதன் சிந்திய தானியத்தில் நாலு மணி, வாசலில் கொஞ்சம் புழுதி. இவ்வளவுதான் அது நம்மிடம் கேட்டது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் மேல் பருந்துகள் இன்றும் வட்டமிட்டுக் கொண்டுதான் இருக்கின்றன. ஒன்றுக்கும் பேராசைப்படாத குருவிதான் இந்த நகரத்தின் பல தெருக்களை விட்டுப் போய்விட்டது.

2010ஆம் ஆண்டு தொடங்கி ஒவ்வொரு மார்ச் 20ஆம் நாளும் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று கட்டுரைப் போட்டி, கவியரங்கம், ஓவியப் போட்டி எல்லாம் நடக்கின்றன. மேடையில் ஏறுகிறவர்கள், “சிட்டுக்குருவியே, எங்கே போனாய்?” என்று உருக்கமாகக் கேட்கிறார்கள். மறுநாள் எல்லோரும் மறந்து போகிறோம். இந்த ஒப்பாரி எனக்கு உடன்பாடில்லை. குருவி எங்கே போயிற்று என்று கேட்பதற்கு முன், அதனிடமிருந்து நாம் எதை எடுத்துக் கொண்டோம் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். 2020ஆம் ஆண்டு வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் தொகை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்கிறது. ஆனால் பெங்களூர், சென்னை, தில்லி, ஐதராபாத், கொல்கத்தா, மும்பை ஆகிய ஆறு பெருநகரங்களில் அது குறைந்து வருவதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே, குருவி இனமே அழிந்துவிட்டது என்று அழ வேண்டியதில்லை. நகரத்து மனிதனோடு சேர்ந்து வாழ அதற்கு வழியில்லாமல் போகிறது என்பதே செய்தி. அப்படியானால் குற்றம் எங்கோ காட்டில் இல்லை. நம் வீட்டுச் சுவரிலும் வாசலிலும்தான் இருக்கிறது.

இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் நம் பகுதிக்கு இதில் தனிப் பங்கு உண்டு. தொழிற்சாலைப் புகையும் லாரிகளின் இரைச்சலும் நிறைந்த இந்தப் பகுதியின் பழைய சந்துகளில் குருவியின் குரல் இன்னும் கேட்கிறது. நான் குடியிருக்கும் இராயபுரத்துச் சந்தில் ஐந்தாறு இணைகளேனும் இருக்கின்றன. பூங்காக்கள் நிறைந்த பகுதிகளில் அரிதாகிவிட்ட ஒரு பறவை, மரமே அருகிய எங்கள் சந்தில் எப்படி வாழ்கிறது? இதை எண்ணிப் பார்த்தால் குருவியின் தேவை என்ன என்பது தானே விளங்கும்.

பழந்தமிழர் கண்ட குருவி

குறுந்தொகையின் 46ஆம் பாட்டு மாமிலாடன் என்னும் புலவர் பாடியது. பிரிந்து சென்ற தலைவனை நினைத்துத் தலைவி பேசுகிறாள். அவள் கண்முன்னே வீட்டுக் குருவிகள் இருக்கின்றன. வாடிய ஆம்பல் பூவின் நிறம் அவற்றின் சிறகுக்கு. முற்றத்தில் காயப் போட்ட தானியத்தை அவை தின்கின்றன. பொதுவிடத்தில் கிடக்கும் எருவின் பொடியில் குடைந்து விளையாடுகின்றன. பின்பு வீட்டு இறப்பில் தங்கள் குஞ்சுகளோடு அடைந்து கொள்கின்றன. இத்தகைய மாலைப்பொழுதும் அதன் தனிமைத் துயரும் அவர் போன நாட்டில் இல்லையோ என்று அவள் கேட்கிறாள். குருவி அடையாத ஒரு நாட்டை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை!

பாட்டின் அகப்பொருள் நயத்தைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் நயம்பட எடுத்துரைப்பார்கள். வரலாற்று மாணவனாகிய நான் அதில் காண்பது வேறொன்று. முற்றத்துத் தானியம், தெருப் புழுதி, வீட்டு இறப்பு ஆகிய மூன்றையும் புலவர் ஒரு பட்டியல் போலத் தந்து விடுகிறார். இன்றைய விலங்கியல் நூல்கள் குருவியின் வாழ்விடத் தேவை என்று சொல்வனவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். குஞ்சுக்கு ஊட்டும் பூச்சி ஒன்றைத்தான் நாம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்றும் பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். அடைக்கலம் புகுந்த உயிரைக் காப்பது வீட்டுக்காரன் கடமை என்ற அறமும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பாரதியாரும் விடுதலைக்கு உவமை தேடியபோது சிங்கத்தையோ கழுகையோ தேடிப் போகவில்லை, சிட்டுக்குருவியைத்தான் பாடினார்.

கோபுரத்தின் மேல் பழி

“செல்போன் டவர்தான் குருவியைக் கொன்றது” என்பது இன்று தேநீர்க் கடை முதல் வகுப்பறை வரை எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. 2018ல் வந்த ‘2.0’ திரைப்படம் இந்த நம்பிக்கையைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பிவிட்டது. நான் கோபுரங்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. மின்காந்த அலை வலுவாக உள்ள இடங்களில் ஆண் குருவிகள் குறைவாகக் காணப்பட்டன என்று பெல்ஜியத்தில் செய்த ஓர் ஆய்வு 2007ல் வெளிவந்தது உண்மைதான். ஆனால் கோபுரம் மிகுந்த இடம் பெரும்பாலும் கட்டடம் மிகுந்த இடமாகவும் இருக்கும். குருவியை விரட்டியது அலையா, கண்ணாடிக் கட்டடமா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

இதற்கு இலண்டன் மாநகரம் நல்ல விடை தருகிறது. அங்குள்ள கென்சிங்டன் பூங்காவில் 1925ஆம் ஆண்டு சிட்டுக்குருவிகளை எண்ணினார்கள். 2603 குருவிகள் இருந்தன. அதே பூங்காவில் 1948ல் எண்ணியபோது 885. 1975ல் 544. 2000ல் வெறும் 8! பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியதே 1985ஆம் ஆண்டில்தான். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே ஐந்தில் நான்கு பங்குக் குருவிகள் போய்விட்டன. இல்லாத கோபுரம் எப்படிக் கொல்லும்? நம் நாட்டுக்குச் செல்போன் வந்தது 1995ல்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு மொட்டை மாடியில் கோபுரம் நிற்கிறது. அதற்கு நேர் கீழே மளிகைக் கடையின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் குருவி கூடு கட்டியிருக்கிறது. இந்த ஒரு காட்சியை வைத்து அறிவியல் பேச முடியாது என்பதை அறிவேன். ஆயினும் கோபுரம் இருக்குமிடத்தில் குருவி இருக்கவே முடியாது என்ற பேச்சுக்கு இது ஒன்றே போதுமான மறுப்பு.

கோபுரத்தின் மேல் பழிபோடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. கோபுரம் யாரோ ஒரு கம்பெனிக்காரனுடையது. அடைத்த பொந்தும், சிமெண்டு பூசிய வாசலும், மருந்தடித்த செடியும் நம்முடையவை. குருவி தலையில் பனங்காயை வைத்தவர்கள் நாம்தான்.

மூட்டையும் முறமும்

வட சென்னைக்கும் தானியத்துக்கும் உள்ள உறவு பழையது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு புறப்பட்டது நம் இராயபுரம் நிலையத்திலிருந்துதான். ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் சரக்கு இரயில், நடுவில் கிடங்குகளும் மண்டிகளும். மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலே இப்பகுதியின் அடுப்பை எரிய வைத்தது. என் தாத்தாவும் மூட்டை சுமந்தவர்தான். அந்நாளில் தானியம் கோணிச் சாக்கில் வந்தது. சுமைக்காரர் கையில் இரும்புக் கொக்கி இருக்கும். கொக்கியைச் சாக்கில் மாட்டி இழுத்துத் தூக்கும்போது ஓட்டை விழும். ஓட்டை வழியே நாலு மணி கீழே சிந்தும். கிடங்கு வாசல் தொடங்கி மாட்டு வண்டி போன வழியெல்லாம் குருவிக்கு விருந்துதான்.

இன்று காலம் மாறிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983ல் கன்டெய்னர் முனையம் வந்தது. பெட்டிக்குள் போன சரக்கு பெட்டிக்குள்ளேயே ஊர் போய்ச் சேருகிறது. கோணிச் சாக்கின் இடத்தைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் சாக்கு பிடித்துக் கொண்டது. கொத்தவால் சாவடிச் சந்தை 1996ல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. மாட்டு வண்டியும், மாட்டுக்குப் போட்ட தீனியும், சாணமும் சாலையை விட்டு மறைந்தன. ஐரோப்பிய நகரங்களில் குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்த காலத்திலேயே குருவிகள் குறையத் தொடங்கின என்று அறிஞர்கள் சொல்வதும் இதனோடு ஒத்துப் போகிறது.

வீட்டுக்குள் நடந்த மாற்றம் இன்னும் நுட்பமானது. என் ஆயா ரேஷன் அரிசியை முறத்தில் போட்டு வாசற்படியில் உட்கார்ந்து புடைப்பார். உமியும் குருணையும் நொய்யும் முன்னால் விழும். நாலு முழ தூரத்தில் குருவிகள் காத்திருக்கும். ஆயா அவற்றுக்கென்று தனியாக எதுவும் போட்டதில்லை, விரட்டியதும் இல்லை. இன்று கல் நீக்கிய அரிசி பையில் வருகிறது. கத்தரியால் வெட்டிக் குக்கரில் கொட்டுகிறோம். முறம் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பெண்களின் முதுகு வலி குறைந்தது நல்லதே. ஆனால் முறத்தோடு சேர்ந்து ஒரு பந்தியும் எடுக்கப்பட்டுவிட்டது என்பதை நாம் கவனிக்கவில்லை.

எங்கள் சந்தில் குருவி தங்கியிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். இங்கே இன்னும் சில்லறை அரிசிக் கடை இருக்கிறது. மாவு மில் இருக்கிறது. ரேஷன் கடை வாசலில் தராசிலிருந்து பைக்கு மாறும்போது இன்றும் கொஞ்சம் சிந்துகிறது. காலையில் இட்லி சுடும் அம்மா கழுவிக் கொட்டும் தண்ணீரில் பருக்கை இருக்கிறது. ஏழை எளியவர்கள் தெருவில் வேலை செய்கிறார்கள், தெருவில் சமைக்கிறார்கள், தெருவில் சிந்துகிறார்கள். குருவி அந்த உழைப்பை அண்டி வாழ்கிறது.

குஞ்சுக்குச் சோறு போதாது

இதோடு முடிந்திருந்தால் ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட்டுக் குருவியைக் காப்பாற்றிவிடலாம். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பெரிய குருவி தானியம் தின்று வாழும். குஞ்சுக்கு அது ஆகாது. ஒரு கூட்டில் மூன்று முதல் ஐந்து முட்டை வரை இருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிக்கும். பின்னும் இரண்டு வாரம் குஞ்சுகள் கூட்டில் இருக்கும். இந்நாட்களில், அதிலும் முதற்சில நாட்களில், தாயும் தந்தையும் மாறி மாறிப் பறந்து கொண்டு வருவது புழு, செடிப்பேன், சிறு வண்டு போன்ற பூச்சிகளைத்தான். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் கூடுகளை ஆராய்ந்தபோது, பூச்சி கிடைக்காமல் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மடிந்தது தெரிய வந்தது. பாத்திரம் நிறைய அரிசி இருந்தும் பிள்ளை பட்டினி!

சீனாவில் 1958ஆம் ஆண்டு நடந்ததை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். தானியத்தைத் தின்கிறது என்று குருவியை நாட்டின் எதிரியாக அறிவித்து, தட்டும் தகரமும் அடித்து, உட்காரவிடாமல் விரட்டி விரட்டிக் கொன்றார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960ல் எதிரிகள் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். குருவிக்கும் பூச்சிக்கும் உள்ள கணக்கை மறந்ததற்கு ஒரு நாடே விலை கொடுத்தது.

நம் பகுதியில் பூச்சி எங்கே இருக்கிறது? வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கையில் இருந்தது. குழாயடியில் தானாக முளைத்த குப்பைமேனியில் இருந்தது. மருதாணி வேலியிலும் இலந்தைப் புதரிலும் இருந்தது. அந்தப் புதர்கள் குருவிகளின் மாலை மன்றமும் ஆகும். பொழுது சாயும் வேளையில் கூட்டம் கூட்டமாக அடைந்து, ஒரே கூச்சலாகக் கத்திவிட்டுத்தான் அவை உறங்கும். இன்று கொல்லை போய் அறை வந்துவிட்டது. மிச்சமிருக்கும் மண்ணையும் சிமெண்டுக் கற்களைப் பதித்து மூடுகிறோம். அழகுக்கு வைக்கும் அயல்நாட்டுச் செடிகள் பலவற்றில் நம் ஊர்ப் பூச்சி வாய் வைப்பதில்லை. தப்பித் தவறி வந்தாலும் மருந்து அடித்து விடுகிறோம்.

“புழுதிக்கா பஞ்சம் வட சென்னையில்?” என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. துறைமுகத்தின் நிலக்கரித் தூசி எங்கள் வீட்டுத் துணிகளைக் கறுப்பாக்கிய கதையை இராயபுரத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக 2011ல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எண்ணூருக்கு மாறின. இங்குள்ளவர் மூச்சு விட்டனர். அங்குள்ளவர் தலையில் அது விழுந்தது. ஆனால் லாரி கிளப்பும் புழுதி வேறு. குருவி குளிக்கும் புழுதி வேறு. சிறகில் ஒட்டிய பேனையும் எண்ணெய்ப் பசையையும் போக்கிக்கொள்ள அதற்கு வேண்டியது, வண்டி ஏறாத ஒரு முழம் காய்ந்த மண். தார்ச்சாலைக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையே அந்த ஒரு முழத்தை நாம் மிச்சம் வைக்கவில்லை.

தோட்டத்து விருந்தும் ஓர் எச்சரிக்கையும்

அன்பினால் செய்வதும் அறிவோடு செய்யப்பட வேண்டும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்தே இன்னொரு சான்று தருகிறேன். அங்கே கிரீன்ஃபிஞ்ச் என்று ஒரு பறவை உண்டு. ஏறக்குறைய நம் சிட்டுக்குருவியின் பருமன். ஆண் பறவை இளம் பச்சை நிறம். சிறகோரத்திலும் வாலிலும் மஞ்சள் பட்டை. விதை உடைக்கும் தடித்த அலகு. தோட்டங்களில் சூரியகாந்தி விதை தொங்கவிட்டால் உரிமையோடு வந்து உட்காரும். ஆங்கிலேயர் வீட்டுக்கு வீடு அதற்கு விருந்து வைத்தார்கள்.

2005ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நோய் வந்தது. புறாக்களிடம் வெகுகாலமாக இருந்து வந்த ஓர் ஒட்டுண்ணி இந்தச் சிறு பறவைகளுக்குத் தாவியது. தொண்டையில் புண்ணாகி, உணவை விழுங்க முடியாமல் பறவைகள் மடிந்தன. பல பறவைகள் ஒரே தட்டில் தின்று ஒரே கிண்ணத்தில் குடித்ததால், எச்சில் வழியே நோய் எளிதாகப் பரவியது. சில ஆண்டுகளில் தொகை பாதிக்கும் கீழே சரிந்தது. 2021 டிசம்பரில் அந்த நாட்டின் ஆபத்துக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் கிரீன்ஃபிஞ்ச் சேர்க்கப்பட்டது. விருந்து வைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தட்டைக் கழுவாதவர்கள், அவ்வளவே.

நம் ஊரில் கோடைக்காலத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் வைக்கும் நல்ல வழக்கம் பரவி வருகிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பச்சைப் பாசி படர்ந்த கிண்ணத்தில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவது தருமம் ஆகாது. நாள்தோறும் தேய்த்துக் கழுவி, காய வைத்து, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தானியமும் அன்றன்றைக்குத் தீரும் அளவே போட வேண்டும். மூட்டைக் கணக்கில் கொட்டினால் வருவது புறாக் கூட்டம்தான். குருவிக்கு அங்கே இடம் கிடைக்காது.

ஓட்டை வீடு வேண்டும் என்கிறேனா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். “குருவி வாழ வேண்டும் என்பதற்காக நாங்கள் ஓடு சரிந்த வீட்டிலும் விரிசல் விட்ட சுவரிலும் குடியிருக்க வேண்டுமா?” என்று எங்கள் தெருவில் ஒருவர் என்னைக் கேட்டார். மழைக்காலத்தில் மூன்று பாத்திரம் வைத்து ஒழுகல் பிடித்தவருக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. வசதியான பகுதியில் குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு, “பழைய ஓட்டு வீடுகள் எவ்வளவு அழகு!” என்று வட சென்னையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நம் மக்களுக்கு ஒழுகாத கூரை வேண்டும். நல்ல சுவர் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் நல்ல வீட்டில் குருவிக்கு இடம் இருக்கக் கூடாது என்று எந்தப் பொறியியல் நூலில் எழுதியிருக்கிறது? அது கேட்பது ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குல வாசலும், உள்ளே ஒரு செங்கல்லைவிடச் சற்றுப் பெரிய வெற்றிடமும்தான். நேர் வெயில் படாத சுவரில், பூனை எட்டாத உயரத்தில், கட்டும்போதே இப்படிப் பத்துப் பொந்து விட்டால் கட்டடம் இடிந்துவிடாது, செலவும் ஏறிவிடாது. ஒழுகலை அடைக்கலாம், பொந்தைத் திட்டமிட்டு விடலாம். இரண்டுக்கும் பகையில்லை.

இதைச் சொல்ல இதுவே தக்க தருணம். 2004 சுனாமிக்குப் பின் எண்ணூர், எர்ணாவூர் பகுதிகளில் குப்பத்துக் குடிசைகளுக்கு மாற்றாக அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. 1970ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டி வருகிறது. 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பள்ளிகள், மருத்துவமனைகள், சந்தைகள், குடியிருப்புகள் என்று எத்தனையோ புதிய சுவர்கள் எழப்போகின்றன. ஒவ்வொரு சுவரும் குருவிக்குக் கதவு திறக்கும் சுவராகவும் இருக்கலாம். கதவடைக்கும் சுவராகவும் இருக்கலாம். வரைபடம் போடும் மேசையில் ஒரு கோடு கூடுதலாக இழுத்தால் முடிகிற வேலை இது. பின்னாளில் மரப்பெட்டி செய்து ஆணியடிப்பதைவிட இது எளிது.

மரப்பெட்டியை நான் குறைத்துப் பேசவில்லை. சென்னையில் ‘கூடுகள்’ என்னும் அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே கூடுகள் செய்து மாட்டி வருகிறது. தன் கையால் செய்த பெட்டிக்குள் குருவி வைக்கோல் எடுத்துப் போவதைப் பார்த்த பிள்ளை, வாழ்நாளில் ஒரு கூட்டைக் கலைக்காது. சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடி கிராமத்தில் 2020ஆம் ஆண்டு தெருவிளக்கின் மின்பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டியது. குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ 35 நாட்கள் ஊரார் தெருவிளக்கைப் போடாமலே இருந்தார்கள். அடைக்கலம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

நம் கல்லூரி செய்ய வேண்டியது

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நம் வளாகத்தை மறந்துவிடக் கூடாது. முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஐந்து வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது: பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கும்போது ஒவ்வொரு பொந்தையும் பார்த்துவிட்டு அடைக்க வேண்டும். குஞ்சு இருந்தால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். அடைக்கும் பொந்துக்கு ஈடாக அதே சுவரில் வேறொரு பொந்து விட வேண்டும்.

இரண்டாவது: தோட்டத்தின் ஓர் ஓரத்தை வெட்டிச் சீராக்காமல் விட வேண்டும். மருதாணி, இலந்தை, முருங்கை போன்றவற்றை நட்டு, மருந்து அடிக்காமல் இருக்க வேண்டும். பார்வைக்குப் புதராகத் தெரியும். குருவிக்கு அதுவே அங்காடி.

மூன்றாவது: மிதிவண்டி நிறுத்துமிடத்துக்கு அருகே ஒரு முழம் மண்ணாவது சிமெண்டு படாமல் இருக்கட்டும்.

நான்காவது: தண்ணீர்க் கிண்ணம் வைப்பவர் யாரோ, அதைக் கழுவும் பொறுப்பும் அவருக்கே என்று முறை வைத்துக் கொள்வோம். விடுதி மாணவர்கள் இதை ஏற்றால் விடுமுறை நாளிலும் தடைப்படாது.

ஐந்தாவதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. நாம் எண்ணத் தொடங்க வேண்டும். கென்சிங்டன் பூங்காவில் 1925ல் யாரோ பொறுமையாக நின்று எண்ணி எழுதி வைத்ததால்தான் இன்று நம்மால் கோபுரக் கதையை மறுத்துப் பேச முடிகிறது. நம் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு முன் எத்தனைக் குருவி இருந்தது என்று கேட்டால், “நிறைய இருந்தது” என்ற பதிலைத் தவிர வேறொன்றும் நம்மிடம் இல்லை. நம் மாணவர்கள் இராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு தெரு. ஆண்டுக்கு இரு முறை, காலை ஆறரை முதல் ஏழரை வரை ஒரு மணி நேரம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை ஆண், எத்தனை பெண், கூடு எங்கே என்று எழுத வேண்டும். விலங்கியல் துறை அதைத் தொகுத்து இந்த ஆண்டு மலரிலேயே வெளியிட வேண்டும். பத்து ஆண்டுகளில், வட சென்னையைப் பற்றி வேறு எவரிடமும் இல்லாத ஓர் ஆவணம் நம் கல்லூரி நூலகத்தில் இருக்கும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். பம்பாயில் ஒரு சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று அவன் கேட்ட கேள்வி, அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குக் கொண்டு சேர்த்தது. அச்சிறுவனே பின்னாளில் பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி. தன் வாழ்க்கை வரலாற்றை அவர் 1985ல் வெளியிட்டபோது, வீழ்ந்த அந்தக் குருவியையே அதன் தலைப்பில் வைத்தார். நம் வகுப்பிலும் அப்படிக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் இருக்கலாம். துப்பாக்கி வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும்.

தோழர்களே! எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்தபோது, சிறகு கறுத்த கூழைக்கடாக்களின் படம் நாடெங்கும் வந்தது, நாடே பதறியது. பெரிய பறவைக்குப் பெரிய செய்தி. சிட்டுக்குருவி போவது செய்தியில் வராது. அது ஒரு கொல்லையாக, ஒரு முருங்கையாக, ஒரு பொந்தாக, ஓசையின்றிப் போகும். ஒரு நாள் காலையில் தெரு அமைதியாக இருப்பதை நாம் உணர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். மற்ற பகுதிகளுக்கு அந்த நாள் வந்துவிட்டது. நமக்கு இன்னும் வரவில்லை. உழைக்கும் மக்களை நம்பி அடைக்கலம் புகுந்த இந்தப் பறவையை, அந்த மக்களின் பிள்ளைகளாகிய நாம் கைவிடலாமா? அடுத்த மார்ச் 20ல் கவியரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவியரங்கம் தொடங்குமுன் காலையில் ஒரு மணி நேரம் எண்ணிவிட்டு வருவோம்; அதன்பின் பாடுவோம்.